பல் வழியாகப் போகும் விஷம்

"இது வியாதியே இல்லீங்கண்ணா. ஒடம்புல இருக்கற விஷம் பல்லு வழியா வெளிய போவுது, அவ்ளோதான்."

ராமக்காள் சொன்னதைக் கேட்டு, பக்கத்து நாற்காலிக்காரர் மெல்லத் திரும்பினார். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் இருந்த அந்தப் பல் ஆஸ்பத்திரியில் இருவரும் அரை மணி நேரமாகக் காத்திருந்தார்கள். அவருடைய இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. மாஸ்க்குக்குள் அது அடங்கவில்லை.

"இதுவரைக்கும் எத்தன பல்லு வழியா போயிருக்கு?" குழறலாகக் கேட்டார்.

"மூணு. நாலாவது ஆடுது."

"விஷம் தீர்றதுக்குள்ள பல்லு தீந்துருமே!"

ராமக்காளுக்குச் சுருக்கென்றது. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடுகிறவள். மண்டித் தரகர்களையே மடக்கும் வாய். அந்த வாய்தான் இப்போது ஈறு வீங்கி, எச்சில் துப்பினாலே ரத்தமாக வந்துகொண்டிருந்தது.

"சுகர் இருக்குதாம்மா?"

"இருந்துச்சு. மாத்திரைய நிறுத்தி ஆறு மாசம் ஆச்சு. மூலிகைச் செம்மல் சென்றாயன் வைத்தியர் பொடிதான் இப்போ. வெறும் வயித்துல ஒரு ஸ்பூன்."

"டெஸ்ட் எடுத்துப் பாத்தீங்களா?"

"எதுக்கு? அந்த மெஷினே ஏமாத்து வேலையாம். வைத்தியர் வீடியோவுல சொன்னாரு."

அவர் மாஸ்க்கை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான் சொல்றதக் கேளுங்க. சுகர் ஏறிப் போனா ஈறு கெட்டுரும். பல்லப் புடிச்சிருக்கற எலும்பே கரையும். வாயில புண்ணு வந்தா லேசுல ஆறாது. இன்னிக்கே ரத்தம் குடுத்துப் பாத்துட்டு, டாக்டரக் கேட்டு மாத்திரைய ஆரம்பிங்க. அந்தப் பொடியில வெந்தயமும் கடல மாவும்தான் இருக்குது. பஜ்ஜி வேணா போடலாம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "கேள்விப்பட்டதுதான்."

"பொறாம புடிச்சவங்க ஆயிரம் சொல்லுவாங்க. அவரு தெய்வம்ங்க! ஒரு மாத்திர போடாம எப்புடி இருக்காரு தெரியுமா? பத்து நாளா வீடியோ வரல, போனும் எடுக்கல. ஒகேனக்கல் காட்டுல மூலிக தேடிட்டு இருப்பாரு, பாவம்."

"தேடட்டும், நல்லாத் தேடட்டும். நீங்க மட்டும் இனிமே அந்தப் பொடிய வாங்காதீங்கம்மா. உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்."

நிஜமாகவே கும்பிட்டார்.

ராமக்காள் திகைத்துப்போனாள். சொந்தப் புருஷன் கூட மூன்று பல் விழுந்தும் 'சரி, விடு' என்றுதான் சொன்னான். முன்பின் தெரியாத மனுஷன் தனக்காகக் கும்பிடுகிறார். ஆறு மாதத்தில் முதல்முறையாக அவளுக்கு அந்தப் பொடி மேல் சந்தேகம் வந்தது.

"சரிங்கண்ணா, ரத்தம் குடுக்கறேன்," என்றாள். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "ரிசல்ட்டு நல்லா வந்துச்சுன்னா, நீங்க எங்க வைத்தியர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"வரலைன்னா அந்த ஆளு உங்ககிட்டக் கேக்கணும். கேப்பாரும்மா."

"அவரு எதுக்குங்க என்கிட்டக் கேக்கறாரு? அவ்ளோ பெரிய மனுஷன்!"

உள்ளேயிருந்து கதவு திறந்ததும், யாரும் தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதற்குள் உள்ளே போய்விட அவர் எழுந்தார். நர்ஸ் அவரைவிட அவசரக்காரி.

"சென்றாயன் வைத்தியரே, உள்ள வாங்க! டாக்டர் கேக்கறாரு, காலைல இன்சுலின் ஊசி போட்டுக்கிட்டுத்தானே வந்தீங்க?"