ஆற்றைத் தாண்டிய கழுதைகள்

செங்கல் சூளையிலிருந்து தப்பிய செவத்தி என்ற கழுதை சும்மா இருக்கவில்லை. முதலாளி மதியம் சாப்பிட்டுக் குறட்டை விடும் நேரம் பார்த்துத் திரும்பி வருவாள். ஒரு கழுதையின் கயிற்றைக் கடித்து அறுத்து, அதை ஆற்றின் அக்கரையில் கொண்டுபோய் விடுவாள். ஆறாவதாக வந்த மொட்டையன் முரண்டு பிடித்தான்.

“நான் போயிட்டா செங்கல்லை யாரு சுமப்பா?”

“ஏன், முதலாளிக்கு முதுகு இல்லையா?” என்று சொல்லி, அவன் தொடையில் ஒரு கடி வைத்தாள் செவத்தி. அவன் அக்கரையில் போய்த்தான் நின்றான். நின்றவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

“என்னடா?”

“அடி விழுமேன்னு நிக்கிறேன்க்கா.”

“இங்கே அடிக்க ஆளில்லை.”

அவன் நம்பவில்லை. பயந்துகொண்டே ஒரு வாய் புல் மேய்ந்தான். அடி விழவில்லை. படுத்துப் புரண்டான். அப்போதும் விழவில்லை. சந்தோஷத்தில் கத்த வாயைத் திறந்தான்.

“சத்தம் காட்டாதே, அந்த ஆளு முழிச்சுக்குவான். உன் தங்கச்சி இன்னும் அங்கேதான் இருக்கா” என்ற செவத்தி, மறுபடியும் தண்ணீரில் இறங்கினாள்.