லண்டனுக்குப் பதினாலு மணி நேரம்

"பிளேன் ஏறிட்டா பதினாலு மணி நேரமும் போன் எடுக்காதாப்பா?"

விஷ்ணுப்ரியா மறுபடியும் கேட்டாள். விமான நிலையத்தில் மாலையோடு கூடியிருந்த சொந்தக்காரர்கள் முன்னால் கன்னையாவுக்கு மானமே போனது.

"எடுக்காது லா! பத்தாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், நான்-ஸ்டாப். அவ்ளோ ஒசரத்துல உனக்கு யாரு டவர் கட்டி வச்சிருக்கா? சரியான பயந்தாங்கொள்ளி!"

கன்னையா இதுவரை ஏறியதிலேயே உயரமானது கெந்திங் மலை கேபிள் கார். அதிலும் கண்ணை மூடிக்கொண்டுதான் போனார். ஆனால் மகளுக்கு லண்டன் மாப்பிள்ளை அமைந்த நாளிலிருந்து, கிள்ளானில் அவருடைய திரைச்சீலைக் கடைக்கு வந்தவர்கள் விமானம் ஓட்டவே கற்றுக்கொண்டு போனார்கள்.

மாப்பிள்ளை சிவேந்திரன் பல் டாக்டர். வயது நாற்பத்தாறு, முதல் மனைவி விட்டுப் போய்விட்டாள். அடுத்த வாரம் அங்கேயே கல்யாணம். பெண்ணுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்க கன்னையாவுக்கு நேரமில்லை. லண்டன் நேரத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

மைத்துனர் ரெங்கசாமி மெல்ல இழுத்தார். "அதுக்கில்ல மச்சான், புள்ளைக்குக் கூச்சிங்ல டீச்சர் வேலை கெடச்சிருந்துச்சே... ஆசையா இருந்தா..."

"கூச்சிங்கா? வேணாம்னு சொல்லிடுன்னு அன்னைக்கே சொல்லிட்டேன். நம்ம நாட்டுக்குள்ளயே இருக்கு, அதெல்லாம் ஒரு தூரமா மச்சான்? ஒரு தே தாரிக் குடிச்சு முடிக்கறதுக்குள்ள எறக்கி விட்டுருவான். அதுக்கு மாலை போட்டு அனுப்பினா கிள்ளான்ல எவன் மதிப்பான்?"

விஷ்ணுப்ரியா தனியாகப் போய்க் கவுண்டரில் பெட்டியைப் போட்டுவிட்டு வந்தாள். கன்னையா அதைக் கவனிக்கவில்லை. விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் ஆப்பைக் கைபேசியில் திறந்து, மகளுக்கும் சொந்தங்களுக்கும் பாடம் நடத்த ஆரம்பித்தார்.

மாலை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். வாசலில் நின்ற அதிகாரி அவளுடைய அடையாள அட்டையை மட்டும் பார்த்துவிட்டு, பாஸ்போர்ட் கேட்காமலே உள்ளே விட்டார். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"பாத்தியா, இப்பவே லண்டன் நடை!" என்றார் கன்னையா.

மதியம் பிரிக்ஃபீல்ட்ஸில் எல்லாருக்கும் வாழையிலைச் சாப்பாடு. கன்னையா இலையைத் தொடவில்லை. கைபேசியில் ஊர்ந்துகொண்டிருந்த குட்டி விமானத்தைப் பக்கத்து மேசைக்காரர்களுக்கும் நீட்டினார்.

"அண்ணே, இங்க பாருங்க. இதுதான் என் மக. இப்ப நாக்பூருக்கு மேல போறா. அங்க கீழ இருக்கறவனுக்கெல்லாம் அண்ணாந்து பாக்கத்தான் முடியும். பாவம், என்ன செய்வான்?"

"கெட்டிக்காரப் பொண்ணு" என்றார் பக்கத்து மேசைக்காரர், ரசச் சோற்றைப் பிசைந்தபடி.

"யாரு வளர்ப்பு!"

அதே நேரத்தில் விஷ்ணுப்ரியா ஒரு பள்ளிக்கூட கேன்டீனில், இலை நிறையச் சோறு வாங்கி ஆற அமரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே அவளுடைய கல்லூரித் தோழி தாரா. அவளும் அங்கே டீச்சர்.

"வேலையில சேந்து கையெழுத்தும் போட்டாச்சு, இங்க கூச்சிங்லயே உனக்கு ரூமும் ரெடி" என்றாள் தாரா. "போனை எப்பத்தான் தொறப்ப? அப்பாகிட்ட சொல்ல வேணாமா?"

"அவரோட பிளேன் எறங்கட்டும் லா."