யாருக்குக் கை தூக்க?

"டீச்சருங்க ஒருத்தர் பாக்கியில்லாம வந்திருக்காங்கக்கா. நம்ம கதை முடிஞ்சுது!"

வெல்டர் டெய்லரக்காவிடம் புலம்பினார்.

நகராட்சிக் கூட்டம். நிதி ஒன்று, கேட்பவர்கள் இரண்டு பக்கம். பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது, அதைச் சரிசெய்ய வேண்டும். இன்னொரு பக்கம், டெய்லரக்கா தங்கள் குடியிருப்பில் நடத்தும் சாயங்கால வகுப்பு. அப்பா அம்மா வேலை முடிந்து வரும்வரை பிள்ளைகள் அங்கேதான் இருப்பார்கள். நிதி இல்லையென்றால் அடுத்த மாதம் அதற்குப் பூட்டு.

"எதுக்கு வீண் சண்டை? கை தூக்குங்க. எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் நிதி" என்றார் தலைவர். யாரிடமும் கெட்ட பேர் வாங்காமல் தப்பிக்க அவருக்குத் தெரியாதா என்ன!

டீச்சர்கள் இருபத்திரண்டு பேர். குடியிருப்பிலிருந்து ஒன்பதே பேர். மற்றவர்களுக்கு லீவு கிடைக்கவில்லை.

"அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் முகத்தைப் பாருங்க, சிரிப்பே கிடையாது. மாசம் பொறந்தா சம்பளம். நம்ம கஷ்டம் இவங்களுக்கு எங்க தெரியப்போகுது?" வெல்டர் பொருமினார்.

"பள்ளிக்கூடத்துக்கு யார் யார்?" என்று கேட்டார் தலைவர்.

முதலில் உயர்ந்தது டெய்லரக்காவின் கை!

வெல்டர் பதறிப்போனார். "அக்கா! இது அவங்களுக்குக்கா! கையை இறக்குங்க!"

"தெரிஞ்சுதான் தூக்கினேன். நனைஞ்ச நோட்டையெல்லாம் அயர்ன் பாக்ஸ் வச்சுக் காய வைக்கிறது நான்தானே? அங்க நனையறதும் நம்ம பிள்ளைங்கதான். சாயங்காலம் என் கடையில நெருக்கியடிச்சு உக்காரட்டும்."

அக்கா சொன்னால் மறுபேச்சு கிடையாது. மற்றவர்களும் தூக்கினார்கள். வெல்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசியாகத் தூக்கினார்.

டீச்சர்கள் பக்கம் ஒரு கைகூட அசையவில்லை. எண்ணிய கிளார்க் திருதிருவென்று விழித்தார். "ஒன்பது, சார்."

"சாயங்கால வகுப்புக்கு?"

சடசடவென்று இருபத்திரண்டு கைகள்! முதல் கை ஹெட்மிஸ்ட்ரஸுடையது.

"என்னம்மா இது, ஆளுக்கு ஆள் மாத்தித் தூக்கறீங்க?" தலைவருக்குத் தலை சுற்றியது.

"ஒழுகினா வராந்தாவுல உக்கார வச்சுப் பாடம் நடத்திடுவேன் சார். பள்ளிக்கூடம் விட்டப்புறம் பிள்ளைங்க ரோட்டுல நின்னா, நான் எங்கன்னு போய்த் தேடுவேன்? அந்த வகுப்பு இருந்தே ஆகணும்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

சாயங்கால வகுப்பு ஜெயித்துவிட்டது! கைதட்டல் ஓயவில்லை. டெய்லரக்கா ஓடிப்போய் ஹெட்மிஸ்ட்ரஸின் கையைப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் அழுகை, சிரிப்பு, எல்லாம் சேர்ந்து வந்தது.

வெல்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து நின்று, கைதட்டலையும் மீறிக் கத்தினார்.

"டீச்சரம்மா, ஞாயித்துக்கிழமை ஸ்கூல் கேட்டைத் திறந்து வையுங்க! எங்க தெருவுல வெல்டருங்க மட்டும் நாலு பேர், கொத்தனாருங்க ஆறு பேர். இனிமே உங்க கூரையில ஒரு சொட்டு உள்ள இறங்காது, நாங்க பொறுப்பு!"