ஆளிருக்கும் வீடு

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யலாம்.

ஜோகுபாளையம் அப்பாதுரை மனைவி சுனிதாவோடு திருப்பதிக்குக் கிளம்பினார். பக்கத்துத் தெருவில் ஆளில்லாத வீட்டில் திருடன் புகுந்ததாகக் கேட்டதிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை. பரணில் கிடந்த பழைய செருப்பு, ஷூ எல்லாவற்றையும் இறக்கி வாசல் நிறையப் பரப்பினார்.

"இன்னாங்க இது, கடை போடப்போறீங்களா?"

"உள்ள ஊரே ஒக்காந்திருக்குன்னு திருடன் பயந்துடுவான். வா, ட்ரெயினுக்கு நேரமாச்சு!"

ரயில் பங்காருப்பேட்டையைத் தாண்டியபோது சுனிதாவின் போன் அடித்தது. அப்பாதுரை எடுத்தார். எதிர்வீட்டு லட்சுமம்மா அழுதுகொண்டே ஆரம்பித்தார்.

"அய்யோ சுனிதா! வாசல்ல அத்தினி செருப்பைப் பார்த்ததுமே புரிஞ்சுபோச்சும்மா. தங்கமான மனுஷன்! ஆஸ்பத்திரியிலேர்ந்து எப்ப கொண்டார்றீங்க?"

"யாரை?"

"உன் வீட்டுக்காரரைத்தான்!"

"யக்கா, நான் அப்பாதுரைதான் பேசுறேன்!"

ஓர் அலறல் கேட்டது.

"உசுரோடவா இருக்கீங்க? தெருவே மாலையோட வந்திருக்கே, இப்ப நான் இன்னா சொல்றது?"

"நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லி, வாசல்ல நிக்கிறவங்களை அனுப்பிடுங்க யக்கா."

"வாசல்ல யாரு நிக்கிறா? எல்லாரும் உங்க ஹால்லதான் ஒக்காந்திருக்காங்க. அழுது களைச்சவங்களுக்குக் காபி போடலாம்னா, சர்க்கரை டப்பா எங்கன்னு தெரியலை."

அப்பாதுரை பதறிப்போய்ப் பைக்குள் கைவிட்டுத் துழாவினார்.

வீட்டுச் சாவி பத்திரமாக இருந்தது. பக்கத்திலேயே பூட்டும் இருந்தது.