மாலை போட்ட படம்

“நான் பூப் போட மாட்டேன்.”

வாசலில் நின்ற ஆட்டோவிலிருந்து தனியாக இறங்கி வந்த பத்து வயதுப் பெண், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். எதிரே சுவரில் மாலை போட்ட நாகலக்ஷ்மியின் படம்.

நாட்டியக் கலைக்கூடத்தின் மலையாளி மேனேஜர் அனீஷுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. “மோளே, பயப்படண்டா. இங்க சேர்ற பிள்ளைங்க எல்லாரும் முதல்ல இந்த அக்காவுக்குப் பூப் போட்டுக் கும்பிடணும். அதானே இங்கத்த வழக்கம்!”

“எனக்கு ஒண்ணும் பயமில்லை. போட மாட்டேன், அவ்வளவுதான்.”

பயந்திருந்தாலும் தப்பில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த ஹாலில் ஆளில்லாமல் சலங்கை கேட்கும் என்று வலியசாலை வட்டாரம் முழுக்கப் பேச்சு. கலைக்கூடத்தை நடத்தும் பிச்சுமணி வக்கீல் மட்டும் உள்ளே போய், “வந்துட்டியாம்மா?” என்று கேட்டுவிட்டு, பதில் வராமல் திரும்புவாராம்.

நாகலக்ஷ்மி அவருடைய ஒரே மகள். வக்கீல் வீட்டுப் பெண் மேடையேறி ஆடுவதா என்று, அவள் சலங்கையைப் பிடுங்கித் தெருவில் வீசினார். அது நடந்த மூன்றாம் நாள் கரமனை ஆற்றில் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்து, தன் கையாலேயே படத்துக்கு மாலை மாட்டினார்.

அதற்குப் பிறகு அவர் சம்பாதித்ததெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்குத்தான். போனக்காட்டுத் தேயிலைத் தொழிலாளியின் பெண்ணோ, தம்பானூர் புரோட்டா மாஸ்டரின் பையனோ, யார் வந்து நின்றாலும் படிப்பும் நாட்டியமும் இலவசம். பாராட்டுகிறேன் பேர்வழி என்று யாராவது பொன்னாடையோடு வந்தால் மட்டும் மனிதர் மெல்ல நழுவிவிடுவார்.

அனீஷுக்கு ஒரே ஒரு விஷயம்தான் புரிந்ததில்லை. படத்தின் கீழே பிறந்த தேதி இருக்கிறது, மறைந்த தேதி இல்லை. கேட்டதற்கு, “அதை மட்டும் எழுதக் கை வரலைடா” என்றார் வக்கீல்.

சத்தம் கேட்டு அவரே இப்போது தடியை ஊன்றியபடி ஹாலுக்கு வந்தார். அந்தப் பெண்ணைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். நெற்றி, மூக்கு, கன்னத்துக் குழி, ஒன்றுகூட மாறவில்லை.

“வந்துட்டியாம்மா...” தடியை நழுவவிட்டு, அவளை நோக்கிக் கையை நீட்டினார். “எத்தனை குழந்தைகளை ஆட வெச்சுட்டேன் பாரு. இன்னுமா அப்பா மேல கோபம்? மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. நிம்மதியாப் போய்ச் சேர்ந்துடறேன்.”

அனீஷ் ஓடி வந்தான். “சாரே, இது புதுசா சேர வந்த குட்டியாக்கும்” என்று அவரைத் தாங்கிப் பிடித்தான். அவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பெண் பின்வாங்கவில்லை. கிட்டே வந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“மாலையைக் கழட்டுங்கோ தாத்தா, அப்பத்தான் ஆட்டோவை விட்டு இறங்குவேங்கறா எங்கம்மா.”