முந்நூற்றுப் பன்னிரண்டு மரங்களுக்கு ஒரு வரி

‘தானே’ புயலில் ஜன்னலோர வேப்பமரம் சாய்ந்ததிலிருந்து, கடலூர் ஆபீசில் எழிலரசியின் கம்ப்யூட்டர் திரைமேல் வெயில் நேராக விழுகிறது. பண்ருட்டிப் பலாமரங்களுக்காக அவள் நடத்தும் விக்கித் தளத்தில் மரத்துக்கு ஒரு பக்கம். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. பக்கத்துக்குப் பக்கம் தனித்தனியாக எழுதிக் கிடந்த நிரலை எட்டு மாதமாகக் கொஞ்சங்கொஞ்சமாகப் பிரித்து, எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான ஒரே வார்ப்புருவுக்குள் கொண்டுவந்திருக்கிறாள். இப்போது அதில் ‘விழுந்த நாள்’ என்று ஒரே ஒரு வரி சேர்க்கிறாள். எங்கே எல்லாம் குலைந்துவிடுமோ என்று விரல் தயங்கி, பிறகு அழுத்துகிறது. தோப்புத் தோப்பாக நடந்து மரங்களைக் குறித்துவந்த கொளஞ்சி, மவுசைப் பிடித்து ஒவ்வொரு பக்கமாகத் திறக்கிறார். எல்லாவற்றிலும் அந்த வரி நிற்கிறது. “ஒருக்கா அமுக்குனா அத்தினி மரத்துக்குமா?” என்கிறார். “புயலும் இப்படித்தாம்மா வந்துச்சு.” அவர் செல்போனை நீட்டுகிறார். படத்தில், முறிந்த அடிமரத்தில் நகத்தளவு துளிர். “இதுக்கும் ஒரு வரி போடும்மா.” ‘துளிர்த்த நாள்’ என்று அடித்து அழுத்துகிறாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களிலும் அந்த வரி வந்து, எதிரே இடம் விட்டுக் காத்திருக்கிறது. மேசைக்கடியில், தோப்புக்குள் நுழையும்போது போல, கொளஞ்சியின் கால்கள் தாமாகவே செருப்பைக் கழற்றுகின்றன.