இறால் தூள்

"லீலாவதியை வெளியே வரச் சொல்லுங்க!"

மலேசியாவின் அசாம் ஜாவாவில் அந்தச் சின்னக் கிழங்குச் சீவல் தொழிற்சாலையின் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திய வேகத்தில் வாசு கத்தினான். கையில் பிரிக்காத சீவல் பாக்கெட் ஒன்று.

முதலாளி மீரா முகைதீன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே வந்தார். "என்ன தம்பி, சனிக்கிழமை காலையிலேயே சண்டையா?"

"சண்டைதான், முதலாளி. உங்ககிட்ட இல்லை. என் பொண்டாட்டிகிட்ட."

தலைத்துணியோடு லீலாவதி ஓடி வந்தாள். பை ஒட்டும் மெஷினை விட்டுவிட்டுச் சல்மாவும் பின்னால் வந்தாள்.

பாக்கெட்டை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினான். "பின்னால என்ன எழுதியிருக்கு? படி!"

அவள் படிக்கவில்லை.

"நான் படிக்கிறேன், கேளு. 'செர்புக் உடாங்.' இறால் தூள்! முன்பக்கம் கிழங்குப் படம், பின்பக்கம் எறும்பு மாதிரி எழுத்துல இறால்!"

முதலாளி குறுக்கிட்டார். "நாங்க எதையும் மறைக்கலையே தம்பி. சட்டம் வந்திருக்குன்னு இந்த மாசம்தான் பின்னால அச்சடிச்சோம். எங்க சீவல்ல எப்பவும் இறால் தூள் உண்டு லா. இங்கே வேலை செய்யிற எல்லாருக்கும் தெரியும்."

"கேட்டியா? எல்லாருக்கும் தெரியுமாம்!" வாசு முதலாளி பக்கம் திரும்பினான். "ரெண்டு வருஷத்துக்கு முன்னால லோரி மோதி ஆஸ்பத்திரியில கெடந்தேன், முதலாளி. மகன் பொழச்சா உசிருள்ள எதுலேருந்து வந்ததையும் வாயில வைக்க மாட்டேன்னு எங்கம்மா வேண்டிக்கிட்டாங்க. மீனு, முட்டையோட நிக்கலை. பால், தயிர்கூட விட்டுட்டாங்க. சாயங்காலம் பால் ஊத்தாத ஒரு கோப்பி ஓ, கடிச்சுக்க இந்தச் சீவல். அவங்களுக்கு இருக்கிற ஒரே ஆசை. அதுல இறாலைக் கொடுத்திருக்கா இவ!"

"அதுல இறால் இல்லைங்க," என்றாள் லீலாவதி மெல்ல.

"அச்சடிச்ச முதலாளி முன்னாடியே பொய் சொல்றியா?"

"இறால் இல்லாம எப்படிம்மா?" இப்போது முதலாளிக்கும் கோபம் வந்தது. "டிரம்முல போட்டுத் தூள் பெரட்டாம இங்கேருந்து ஒரு சீவல் வெளியே போகாதே!"

சல்மா லீலாவதியின் முழங்கையைக் கிள்ளினாள். "வேணாம்க்கா. பேசாம இருங்க."

"ஓ, கூட்டாளி வேறயா!" வாசு சிரித்தான். அது சிரிப்பாக இல்லை. "கெழவிக்குப் படிக்கவா தெரியும்னு ரெண்டு பேரும் சிரிச்சிருப்பீங்க, இல்ல?"

உள்ளே எல்லோர் கையும் நின்றுவிட்டது. "மாமியார் மேல ஆயிரம் கோபம் இருக்கட்டும். வேண்டுதல்லயா கை வைக்கிறது?" என்று ஒருத்தி சொன்னது வாசல்வரை கேட்டது.

லீலாவதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மாகிட்டயும் படிச்சுக் காட்டிட்டேன்," என்றான் வாசு. "வாயில விரலை விட்டு வாந்தி எடுத்தாங்க. அதுலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை. 'என் வேண்டுதல் போச்சே, உன்னை இனி யாருடா காப்பாத்துவா'ன்னு சாமிப் படத்துக்கு முன்னால உட்கார்ந்து அழறாங்க."

லீலாவதி நிமிர்ந்தாள். அவன் கையிலிருந்த பாக்கெட்டைப் பிடுங்கினாள். பல்லால் கடித்துக் கிழித்து முதலாளியிடம் நீட்டினாள்.

"தின்னு பாருங்க, முதலாளி."

அவர் ஒன்றைக் கடித்தார். விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். சிவப்புத் தூள் ஒட்டவில்லை. இன்னொன்றைக் கடித்தார்.

"வெறும் உப்புதானே இருக்கு?"

"ஆமாங்க. சட்டியிலேருந்து எடுத்ததும், டிரம்முக்குப் போறதுக்கு முன்னாடி, அத்தைக்குன்னு வாரத்துக்கு ஏழு பாக்கெட் அள்ளி வச்சிடுவேன். அதுக்கு உள்ள காசையும் கட்டிடுவேன்."

"யாரு ஒட்டிக் கொடுத்தது?"

"நானே ஒட்டினேன்."

சல்மா வாயைத் திறந்தாள். லீலாவதி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். சல்மா வாயை மூடிக்கொண்டாள்.

"எத்தனை நாளா இது நடக்குது?"

"ரெண்டு வருஷமா."

முதலாளி பாக்கெட்டை மேசைமேல் அடித்தார். சீவல் சிதறியது. "என் பேரு போட்ட பையில என் சரக்கு இல்ல! இதுல ஒண்ணு கடைக்குப் போயிருந்தா எனக்கு என்ன மரியாதை? இன்னைக்கு உன்னை விட்டா, நாளைக்கு ஆளாளுக்கு ஒரு பக்குவம் போடுவாங்க. திங்கக்கிழமை நீ வர வேணாம்."

"தெரியும், முதலாளி. அதனாலதான் வீட்டுலகூடச் சொல்லலை."

தலைத்துணியை அவிழ்த்து மடித்துச் சல்மாவிடம் கொடுத்தாள்.

"லீலா..." என்றான் வாசு.

"பேசாதீங்க!" அவள் குரலில் அப்படியொரு கோபத்தை அவன் கேட்டதே இல்லை. "படிக்கத் தெரிஞ்சுது. பெத்தவகிட்ட போய்ச் சொல்லத் தெரிஞ்சுது. ஒண்ணை எடுத்து வாயில போட்டுப் பார்த்தீங்களா?"

அவன் மேசைமேல் சிதறிக் கிடந்த சீவலைப் பார்த்தான்.

"என்ன பார்க்கிறீங்க? வண்டியை எடுங்க. அத்தை தண்ணி குடிக்கணும்."